வீட்டுக்கு ஒரு பல்பு

என் தங்கையின் கணவர் எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு வெறுங்கையோடு வந்ததே இல்லை. தங்கை கொடுத்தனுப்பிய டப்பாவோ, பிள்ளை பள்ளிக்கூடத்தில் வரைந்த படமோ, ஏதாவது ஒன்று இருக்கும். அன்றைக்குக் காலையில் அவர் கொண்டுவந்தது ஒரு கெடு. தூசி ஆகாத அறை என்பதால் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார். கழற்றும்போதே முகம் சரியில்லை.

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள துறைமுகத்தைக் கொடுக்கறோம்னு சொல்லியாகணுமாம். இல்லன்னா பராமரிப்பை ஆரம்பிச்சிடுவாங்க. இந்தத் தடவை எப்ப முடியும்னு அவங்க சொல்லல."

பராமரிப்பு என்றால் என்னவென்று எங்கள் நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் சூரிய மின்தகடுகளையும், அவை சேர்க்கும் மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் பேட்டரிகளையும் ஒரு பெரிய நாட்டின் கம்பெனிதான் நிறுவியது. பொருள் எங்கள் மண்ணில் இருக்கிறது, சாவி அவர்கள் ஊரில் இருக்கிறது. எங்கள் நாடாளுமன்றத்தில் யாராவது அந்தப் பெரிய நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால், அன்று பிற்பகலே 'பராமரிப்பு' என்று அறிவிப்பு வரும். விசிறிகள் சோர்ந்துபோகும். அடுத்த நாள் பேசியவர் மன்னிப்புக் கேட்பார், விசிறிகளுக்கு உயிர் வரும்.

அந்தக் காலத்தில் கப்பல் நிறையப் படையை ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அவர்களுக்குச் சோறு போட வேண்டும், செத்தால் புதைக்க வேண்டும். இப்போது அந்தச் செலவெல்லாம் கிடையாது. ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு தேசம் வியர்த்துக் கொட்டுகிறது.

இதற்கு முன்பு இன்னொரு பெரிய நாட்டிடம் எரிவாயு வாங்கிக்கொண்டிருந்தோம். அவர்களும் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக எங்களை ஆட்டிவைத்தார்கள். சூரியனுக்கு யாரும் குழாய் போட முடியாது, இனி நமக்கு விடுதலைதான் என்று சொல்லி இவர்களிடம் வந்தோம். திறப்பு விழாவில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றேன். ஒருவன் காலை விட்டுவிட்டு இன்னொருவன் காலைப் பிடித்திருக்கிறோம் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

இப்போது அவர்களுக்குத் துறைமுகம் வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால் 'நட்புக்கு' என்றார்கள். போர்க்கப்பல் நிறுத்துகிற நட்பு.

"மாப்பிள்ளை, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் அந்தக் கம்பெனியின் உள்ளூர் அலுவலகத்தில் மேலாளர். நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். என் தங்கைக்கு இப்படி ஒருத்தர் வாய்த்தாரே என்று நான் சந்தோஷப்படாத நாளில்லை. அவர் வாங்கும் சம்பளத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு.

"நான் நினைச்சு என்னக்கா ஆகப்போகுது? அவங்க இல்லாம இங்க ஒரு விசிறி சுத்தாது. நம்மகிட்ட என்ன இருக்கு சொல்லுங்க. கொடுத்துத் தொலைச்சிட்டு நிம்மதியா இருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. நாட்டின் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் அறையில் தலைமைப் பொறியாளர் நான். என் முகத்துக்கு நேராக, உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் அமைச்சர் தொலைபேசியில் வந்தார். அவர் குரலிலும் கெடு ஏறியிருந்தது.

"ஏம்மா, அவங்க இல்லாம நம்மால ஓட்ட முடியுமா, முடியாதா? சுத்தி வளைக்காம சொல்லு."

"முடியும் சார்," என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும். என் கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

முடியும் என்பதில் எவ்வளவு முடியும் என்று ஒன்று இருக்கிறது. மலைமேல் ஒரு பழைய அணை மின்நிலையம் எங்களுடையது. அதன் சாவி, பூட்டு, துரு எல்லாமே எங்களுடையதுதான். ஆனால் அது சின்னது. மருத்துவமனைகள், குடிநீர் மோட்டார்கள், அதற்கு மேல் வீட்டுக்கு ஒரு பல்பு, அவ்வளவுதான் அது தாங்கும். போதாததற்கு, நாட்டில் ஓடும் மின்சாரத்தின் தாளத்தைக் கம்பெனியின் பேட்டரிகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. மொத்த நாட்டையும் நாமே அணைக்க வேண்டும். கம்பெனியின் கம்பியைக் கழற்ற வேண்டும். பிறகு அணையிலிருந்து ஒவ்வொரு பேட்டையாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

அணையில் இருந்த பொறியாளரை நாங்கள் தாடி என்று கூப்பிடுவோம். தாடியை எடுத்துப் பல வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. அவரோடு பேச மின்கம்பத்தோடு ஓடும் எங்கள் சொந்தத் தொலைபேசிக் கம்பி உண்டு.

"தாடி, எந்திரத்தை நிறுத்திட்டு வெறும் இருட்டுல மறுபடி கிளப்பினா எத்தனை தடவை கிளப்பலாம்?"

"மதகைத் திறக்க எண்ணெய் அழுத்தம் வேணும்ல? தொட்டியில இருக்கிறதை வெச்சு ரெண்டு தடவை. அதுக்கு மேல தலைகீழா நின்னாலும் வராது."

"டீசல் எந்திரம் இருக்குமே, அழுத்தம் ஏத்த?"

"அதைத்தான் கம்பெனிக்காரன் சொன்னான்னு போன வருஷம் வித்துட்டீங்களே. பழசு எதுக்குன்னு கேட்டானே."

விற்கச் சொல்லி வந்த கோப்பு என் மேசை வழியாகத்தான் போயிருக்கும்.

ஆக, இரண்டு வாய்ப்பு. இரண்டும் தவறினால் நாடு முழுக்க இருட்டு, கம்பெனிக்காரன் வந்து கைகொடுத்தால்தான் வெளிச்சம். அப்போது அவன் துறைமுகத்தை மட்டுமா கேட்பான்? அமைச்சரிடம் இதை அப்படியே சொன்னேன்.

"அணைச்சிடு," என்றார்.

அணைத்தோம். முன்னறிவிப்புக் கொடுத்தால் கம்பெனி முந்திக்கொள்ளும் என்பதால் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் அறையில் உத்தரவைக் கேட்டவர் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்ன பிறகுதான் கை வைப்பார். எங்கள் பேச்சில் 'திற' என்றால் இணைப்பைத் துண்டி, 'மூடு' என்றால் கொடு. 'நகரம் வடக்கு, திற' என்பேன். 'நகரம் வடக்கு, திறக்கிறேன்' என்பாள் மேசையில் இருக்கும் சக ஊழியை. அப்படி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனபோது சுவரில் இருந்த பெரிய வரைபடம் துண்டு துண்டாகக் கறுத்தது. கடைசியில் கம்பெனியின் இணைப்பையும் வெட்டினோம். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயம் மட்டும் இல்லை. பல வருடமாக வீட்டில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணிய அழையா விருந்தாளியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளின மாதிரி ஒரு குஷியும் இருந்தது.

தாடி மதகைத் திறந்தார். எந்திரம் சுற்றியது. அதன் தாளத்தைக் காட்டும் முள் மெல்ல ஏறி ஐம்பதில் நின்றது. அதுதான் அது நிற்க வேண்டிய இடம். நான் முதல் பேட்டையைக் கொடுத்தேன். சின்னப் பேட்டைதான், கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"நகரம் வடக்கு, மூடு."

"நகரம் வடக்கு, மூடுறேன்."

முள் தலைகுப்புற விழுந்தது. தாடி ஏதோ கத்தினார். எந்திரம் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. எங்கள் அறையில் மின்கல விளக்கு மட்டும் எரிந்தது.

"கணக்கைவிட நாலு மடங்கு இழுத்துச்சும்மா. என்ன கொடுமை பண்ணீங்க அங்க?" என்றார் தாடி.

நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்தேன். ஒரு வீட்டுக்கு இத்தனை என்று நான் போட்ட கணக்கில் தப்பில்லை. பின்னே எங்கிருந்து வந்தது அந்தப் பாரம்? நிமிர்ந்து பார்த்தபோது எதிர்ச் சுவரில் எங்கள் அறையின் சுவிட்சுப் பலகை தெரிந்தது. விளக்கு, விசிறி, குளிர்சாதனம், தண்ணீர் சூடாக்குகிற பாத்திரம் வரைக்கும் எல்லா சுவிட்சும் கீழே அமுங்கியிருந்தன.

"இதையெல்லாம் ஏன் அணைக்கல?" என்று சக ஊழியையிடம் கேட்டேன்.

"அணைச்சிட்டா கரண்ட் வந்தா எப்படித் தெரியும்?"

என் வீடு ஞாபகம் வந்தது. கரண்ட் போனால் நானும் எதையும் அணைப்பதில்லை. எல்லாவற்றையும் போட்டபடி விட்டுவிட்டு, விசிறி எப்போது சுற்றும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த நாட்டில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் அப்படித்தான். அணைத்துவிட்டுக் காத்திருக்க நாங்கள் பழகவே இல்லை. ஒரு பேட்டையின் மோட்டாரும் குளிர்பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன. கொடுத்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே வாயில் விழுங்கப் பார்த்தன. மின்சாரத்தைப் பற்றி ஊருக்கே பாடம் நடத்துகிற எனக்கு இது தோன்றவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

அமைச்சரிடம் சொன்னேன். "சார், வானொலி நிலையத்துல சொந்த ஜெனரேட்டர் இருக்கு. வண்டியில எல்லாம் ரேடியோ இருக்கு. நீங்க பேசுங்க."

"நான் பேசினா எவனும் நம்ப மாட்டான். நீயே பேசு."

எழுதி வைத்துக்கொள்ள நேரமில்லை. தொலைபேசியை வானொலி நிலையத்தோடு இணைத்தார்கள். நான் பேசினேன்.

"நான் கரண்ட் ஆபீஸ்ல இருந்து பேசறேன். இன்னைக்குக் கரண்டை யாரும் பறிக்கல. நாங்கதான் அணைச்சோம். நம்ம துறைமுகத்தைக் கொடுத்தா வெளிச்சம் தர்றோம்னு ஒருத்தன் சொல்றான். அவன் வெளிச்சம் வேணாம்னு அணைச்சோம். நம்ம அணையில இருந்து நம்ம கரண்டைக் கொண்டுவரப் பார்த்தோம், வரல. ஏன் வரலன்னா எல்லாரும் சுவிட்சைப் போட்டபடி விட்டுட்டு உக்காந்திருக்கோம். என் வீட்டுலயும் அதே கதைதான். இன்னொரு தடவைதான் முயற்சி பண்ண முடியும். அதுவும் போச்சுன்னா அவன் கால்ல விழணும். எனக்கு விழ இஷ்டமில்ல, உங்களுக்கும் இருக்காதுன்னு நினைக்கிறேன். எந்திரிச்சுப் போய் எல்லா சுவிட்சையும் அணைங்க. ஒரே ஒரு பல்பை மட்டும் விடுங்க. பக்கத்து வீட்டுல ஆள் இல்லன்னா அவங்க மெயினையும் இறக்குங்க. அவங்க வந்து சண்டை போட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பேசி முடித்ததும் உடம்பெல்லாம் வியர்வை. நகராட்சிக் குப்பை வண்டிகளில் ஒலிபெருக்கி இருக்கும். அவை தெருத் தெருவாக அதையே சொல்லிக்கொண்டு போயின. சன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் ஒரு பெண்மணி மாடிப்படிகளில் ஏறி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டிருந்தாள். யாரோ திறக்கவில்லை போலிருக்கிறது. அவள் போட்ட சத்தம் எங்கள் மாடி வரை கேட்டது.

பிற்பகல் சாயத் தொடங்கியபோது தாடியிடம் சொன்னேன். "கிளப்புங்க."

"இதுதான் கடைசி," என்றார்.

"தெரியும். கிளப்புங்க."

எந்திரம் ஓடியது. நகரம் வடக்கை மூடச் சொன்னேன். முள் லேசாகத் தலையசைத்துவிட்டு நின்றது. சக ஊழியை மேசையைப் பிடித்துக்கொண்டு 'ஆ' என்றாள். அடுத்தது நகரம் மேற்கு. அதுவும் நின்றது. குடிநீர் மோட்டார்கள், ரயிலடி, மீன் சந்தை என்று ஒவ்வொன்றாக ஏறியது. ஒவ்வொன்றுக்கும் முள் கொஞ்சம் இறங்கும், தாடி தண்ணீரைக் கூட்டுவார், மறுபடி ஏறும். கறுத்துப்போன வரைபடம் மெல்ல மெல்லப் பச்சையானது.

கடைசியாக மருத்துவமனைப் பேட்டை பாக்கி. அதுதான் வினையே. அந்தப் பேட்டையில்தான் கம்பெனியின் அலுவலகம் இருந்தது. உள்ளே பெரிய கம்ப்யூட்டர் கூடம், அதைக் குளிர்விக்கும் எந்திரங்கள் ஒரு தெருவின் கரண்டைத் தின்னும். அதைத் தனியாகப் பிரிக்கிற பெட்டி அவர்கள் காம்பவுண்டுக்குள், அவர்கள் பூட்டுக்குள். எங்கள் போலீஸ்கூட உள்ளே நுழைய முடியாதபடி ஒப்பந்தம். மருத்துவமனை ஜெனரேட்டரில் டீசல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்று அங்கிருந்து தகவல் வந்தபடி இருந்தது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, உங்க ஆபீஸ் மெயினை இறக்குங்க."

"முடியாதுக்கா." குரல் கம்மியிருந்தது. "இறக்கக் கூடாதுன்னு மேலிடத்துல இருந்து நேரா உத்தரவு. கேமராவுல பாத்துட்டே இருக்காங்க. நான் கை வெச்சா வேலை மட்டும் போகாது, வீடும் அவங்க வீடு. பிள்ளையையும் வெச்சுட்டு நான் எங்க போறது?"

"எல்லாத்தையும் ஓடவிட்டு எங்க எந்திரத்தைக் கவுக்கப் பாக்கறாங்க. அது உங்களுக்குப் புரியுதா?"

"புரியுதுக்கா."

"உங்களைத் திட்ட எனக்கு இப்ப நேரமில்ல. மருத்துவமனை இருக்கு, நான் மூடித்தான் ஆகணும். கொஞ்சம் பொறுத்து மூடப் போறேன். தெரிஞ்சுக்கங்க."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தங்கையின் பிள்ளை முகம் ஞாபகத்துக்கு வந்து, முழுசாகக் கோபப்படவும் விடவில்லை. தாடியைக் கேட்டேன். இன்னும் எவ்வளவு தாங்கும் என்றதற்கு, "மருத்துவமனையும் வீட்டுக்கு ஒரு பல்பும் தாங்கும். அவன் கூடமும் சேந்தா படுத்துரும்" என்றார்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மருத்துவமனையிலிருந்து மறுபடி தகவல். ஜெனரேட்டர் விக்க ஆரம்பித்துவிட்டதாம். இனித் தள்ளிப்போட முடியாது.

"மருத்துவமனைப் பேட்டை, மூடு."

சக ஊழியை என்னைப் பார்த்தாள். பிறகு உத்தரவைத் திருப்பிச் சொன்னாள்.

"மருத்துவமனைப் பேட்டை, மூடுறேன்."

முள் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. நான் எதையும் யோசிக்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எந்திரம் தன்னை நிறுத்திக்கொள்ளும் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே அது நின்றது. நடுங்கியது. தாடி தண்ணீரைக் கூட்டும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. முள் திரும்பி ஏறத் தொடங்கியது.

"கூடம் ஓடுதா, ஓடலையா?" என்று தாடி கேட்டார்.

"ஓடுது," என்றாள் சக ஊழியை, தன் திரையைப் பார்த்து. "முழுசா ஓடுது. மருத்துவமனையும் ஏறிடுச்சு."

அப்படியானால் எப்படி நின்றது? சன்னலுக்கு ஓடினேன். நகரம் முழுவதும் வீட்டுக்கு ஒன்றாகப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். மருத்துவமனையில் வெளிச்சம். கம்பெனியின் கண்ணாடிக் கட்டடம் தேர் மாதிரி ஜொலித்தது. அதைச் சுற்றியிருந்த அந்தப் பேட்டையின் தெருக்களில் மட்டும் ஒரு பல்புகூட எரியவில்லை. மின்கம்பி எங்கேயோ அறுந்துவிட்டதென்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்போது தங்கை கூப்பிட்டாள். மூச்சு வாங்கினாள்.

"அக்கா, இவரு என்ன பண்ணிட்டு இருக்காரு தெரியுமா? ஒவ்வொரு வீடாக் கதவைத் தட்டிட்டு வர்றாரு. எங்க ஆபீஸை என்னால அணைக்க முடியல, நீங்க அந்த ஒரு பல்பையும் அணைச்சிடுங்கன்னு கையெடுத்துக் கும்பிடறாரு. கழுத்துல கம்பெனி அட்டையோட! நானும் பிள்ளையும் இந்தப் பக்கத்துத் தெரு. தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு."

"வேலை போயிடுமேடி," என்றேன்.

"போகட்டும்க்கா. உன் வீட்டுல மாடி காலியாத்தானே கிடக்கு?"

காலையில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்ட மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர், இருட்டுத் தெருவில் கதவு கதவாகக் கத்திக்கொண்டு போகிறார். அந்த ஜனங்களும் நான் விட்டுவைக்கச் சொன்ன ஒற்றைப் பல்பையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவரைப் பற்றிக் கோபத்தில் நினைத்ததையெல்லாம் மனதிலிருந்து அங்கேயே துப்பினேன்.

மேசைமேல் இருந்த வெளிநாட்டுத் தொலைபேசி ஒலித்தது. கம்பெனியின் தலைமை அதிகாரி. அவர் மொழியில் அவர் பேசினார், எனக்குத் தெரிந்த அளவில் நானும் அதிலேயே பேசினேன். அவர் குரலில் அக்கறை ஒழுகியது.

"எங்கள் அலுவலகத்தைச் சுற்றியுள்ள பகுதியில் மின்சாரம் இருப்பதாக எங்கள் திரை காட்டுகிறது. ஆனால் யாருமே பயன்படுத்தவில்லை. உங்கள் பக்கம் பெரிய பழுது ஏற்பட்டிருக்கிறது. நாங்கள் உதவத் தயார். ஒரு சின்னக் கையெழுத்துதான்."

"பழுது ஒன்றும் இல்லை," என்றேன். "மக்கள் அணைத்து வைத்திருக்கிறார்கள்."

"ஏன்?"

"உங்கள் அலுவலகம் எவ்வளவு இழுத்தாலும் எங்கள் எந்திரம் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக."

அவருக்கு அது விளங்கவில்லை. மறுபடி கேட்டார். நான் மறுபடி அதையே சொன்னேன். பிறகு, மரியாதையெல்லாம் கழன்ற குரலில் கேட்டார்.

"இப்படி இருட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்?"

சன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த இருட்டுத் தெருக்களில் ஆட்கள் வெளியே வந்து நின்றிருந்தார்கள். மருத்துவமனை வெளிச்சத்தில் அவர்கள் தலைகள் மட்டும் தெரிந்தன. எல்லோரும் கண்ணாடிக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள் சாமான்களைக் கட்டி முடிக்கிற வரைக்கும்," என்றேன். "கட்டுவதற்கு வெளிச்சம் வேண்டுமல்லவா, அதற்காகத்தான் உங்கள் கட்டடத்துக்கு மட்டும் கரண்ட் விட்டிருக்கிறோம்."